லைசோசைம் விட்டும் ஈ. கோலை கரையவில்லை, நொதி கெட்டுவிட்டதா?

பிப்ரவரி 3, காலை 10.20 (கேள்வி)

கோழிமுட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுத்த லைசோசைம், மி.லி.க்கு 1 மி.கி. ஈ. கோலையைப் பாஸ்பேட் உப்புக்கரைசலில் கழுவி, நொதியைச் சேர்த்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தாயிற்று. கலங்கல் கொஞ்சம்கூடத் தெளியவில்லை. அதே குப்பியிலிருந்து எடுத்ததை மைக்ரோகாக்கஸில் விட்டால் சில நிமிடங்களில் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. கண்ணீர், உமிழ்நீர், சளி எல்லாவற்றிலும் இருக்கிற கிருமிக்கொல்லி நொதி என்றுதான் பாடத்தில் வருகிறது. ஈ. கோலையிடம் மட்டும் ஏன் பலிக்கவில்லை?

பிப்ரவரி 3, பகல் 1.05

நொதி கெடவில்லை. மைக்ரோகாக்கஸ் தெளிந்ததே அதற்குச் சாட்சி. ஈ. கோலையின் சுவரை அது இன்னும் தொடவே இல்லை.

லைசோசைம் அறுப்பது ஒரே ஒரு வகைப் பிணைப்பை. பாக்டீரியாவின் சுவர் பெப்டிடோகிளைக்கான் என்னும் வலை. அதன் நீள இழைகளில் இரண்டு சர்க்கரைகள் மாறிமாறி வரும்: என்-அசிட்டைல் மியூராமிக் அமிலம், என்-அசிட்டைல் குளுக்கோசமைன். முன்னதன் முதல் கார்பனுக்கும் பின்னதன் நான்காம் கார்பனுக்கும் இடையிலுள்ள பீட்டா-1,4 பிணைப்பை நீரைக் கொண்டு அறுக்கும். இழைகளைக் குறுக்கே கட்டியிருக்கும் பெப்டைடுகள் அதற்குச் சம்பந்தமில்லாதவை.

மைக்ரோகாக்கஸ் போன்ற கிராம் நேர் பாக்டீரியாவில் இந்த வலை பல அடுக்காக, 20 முதல் 80 நானோமீட்டர் தடிமனில், வெளியே திறந்து கிடக்கிறது. ஈ. கோலையில் வலை மிக மெல்லியது. ஆனால் அதன்மேல் வெளிச்சவ்வு போர்த்தியிருக்கிறது. அந்தச் சவ்விலுள்ள ‘போரின்’ என்னும் புரதங்களின் துளைகள் சுமார் 600 டால்டன் வரையுள்ள மூலக்கூறுகளை விடும். லைசோசைமின் எடை ஏறத்தாழ 14,300 டால்டன். மெல்லிய சுவர்தான், ஆனால் கதவு பூட்டியிருக்கிறது.

பூட்டைத் திறக்க ஈடிடிஏ, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள். வெளிச்சவ்வின் லிப்போபாலிசாக்கரைடுகளில் எதிர்மின் பாஸ்பேட்டுகள் நெருக்கமாக இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். மக்னீசியம், கால்சியம் அயனிகள்தான் இடையில் நின்று அவற்றைச் சேர்த்துப் பிடிக்கின்றன. ஈடிடிஏ அந்த அயனிகளைப் பிடுங்கியதும் சவ்வு கிழிசலாகி, லைசோசைம் உள்ளே போகும்.

பிப்ரவரி 3, மாலை 6.40

முறையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மடக்கை வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கும் செல்களை எடுங்கள். இரவு முழுக்க வளர்ந்து நிலைக்கட்டத்துக்குப் போனவை நொதிக்கு எளிதில் இணங்காது. 4,000 முதல் 5,000 ஜி விசையில் 10 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேல்நீரை முழுவதும் வடித்துவிடுங்கள். வளர்ப்பு ஊடகத்தின் மக்னீசியம் மிச்சமிருந்தால் ஈடிடிஏ அதிலேயே செலவாகிவிடும். படிவை 30 மில்லிமோலார் டிரிஸ் பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்), பிஎச் 8-இல் கலக்கி, ஈடிடிஏவை 1 மில்லிமோலார் அளவுக்குச் சேருங்கள். அதன் பிறகு லைசோசைம், மி.லி.க்கு 0.1 முதல் 0.5 மி.கி. பனிக்கட்டியில் 20 முதல் 30 நிமிடம்.

உங்கள் பாஸ்பேட் உப்புக்கரைசல் இந்த வேலைக்கு ஒத்துவராது. அதில் உப்பு அதிகம். லைசோசைம் நேர்மின்னேற்றம் மிகுந்த புரதம், அதன் சம மின்புள்ளி (நிகர மின்னேற்றம் சுழியாகும் பிஎச்) 11-ஐ ஒட்டியது. சுவரோ எதிர்மின்னேற்றம் உடையது. இரண்டும் ஈர்த்து ஒட்டினால்தான் வெட்டு நடக்கும். உப்பு ஏற ஏற அந்த ஈர்ப்பு மங்கும். டிரிஸுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: அதுவே வெளிச்சவ்வைக் கொஞ்சம் தளர்த்தும்.

பிப்ரவரி 4, காலை 9.15 (கேள்வி)

ஈடிடிஏ போட்டதும் 15 நிமிடத்தில் தெளிந்தது. ஆனால் முழுக்கக் கொழகொழவென்று ஆகி, பிப்பெட்டில் ஏறவில்லை. நிக்கல் பத்தியில் (புரதத்தைப் பிடித்துப் பிரிக்கும் நிக்கல் காலம்) புரதம் பிரிக்க வேண்டும்.

பிப்ரவரி 4, காலை 11.30

கொழகொழப்பு டிஎன்ஏ. செல் உண்மையாகவே உடைந்திருக்கிறது என்று பொருள். டிஎன்ஏவை வெட்டும் நொதியான டிஎன்ஏஸ் போடுங்கள். ஆனால் டிஎன்ஏஸுக்கு மக்னீசியம் வேண்டும், ஈடிடிஏ அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே லைசோசைம் தன் வேலையை முடித்த பிறகு மக்னீசியம் குளோரைடை 5 முதல் 10 மில்லிமோலார் சேர்த்து, பிறகு டிஎன்ஏஸ். மக்னீசியத்தை முன்னாலேயே போட்டால் திறந்த வெளிச்சவ்வு மறுபடி இறுகிவிடும்.

நிக்கல் பத்தி என்று நேற்றே தெரிந்திருந்தால் ஈடிடிஏவைச் சொல்லியிருக்க மாட்டேன். அது பத்தியிலிருந்து நிக்கலைக் கழற்றிவிடும். நீலம் வெளுத்தால் அதுதான் காரணம். இந்த வேலைக்கு ஈடிடிஏ இல்லாமல் லைசோசைம் மி.லி.க்கு 1 மி.கி., 30 நிமிடம் பனிக்கட்டி, அதோடு உறைய வைத்து உருக்குவது அல்லது மீயொலி. பனிப்படிகம் சவ்வைக் கிழிக்கும், நொதி அந்த வழியாக நுழையும்.

புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 14 கிலோடால்டன் இடத்தில் தெரியப்போகும் கோடு லைசோசைம்தான். உங்கள் புரதம் அந்த அளவை ஒட்டியதாக இருந்தால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். எஸ்டிஎஸ் என்னும் சோப்புப் பொருளைப் போடுவதாக இருந்தால் நொதி வேலை முடிந்த பிறகே போடுங்கள், முன்னால் போட்டால் நொதி குலைந்துவிடும்.

பிப்ரவரி 5, இரவு 9.50

முதல் குறிப்பில் ‘அறுக்கும்’ என்று எழுதிவிட்டு, செல் எப்படிச் சாகிறது என்பதைச் சொல்லவில்லை. அறுப்பதும் கொல்வதும் வேறு வேறு.

செல்லுக்குள் கரைபொருள் அதிகம். வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே நெருக்கும். கிராம் நேர் செல்லில் அந்த அழுத்தம் 20 வளிமண்டலம்கூட வரும். சுவர்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. லைசோசைம் வலையை நைத்துவிட்டால் சவ்வு பிதுங்கி வெடிக்கும். இதையே 20 சதவீத சுக்ரோஸ் கரைசலில் செய்தால் வெடிக்காது. சுவரில்லாத உருண்டைகள் நிற்கும். 1953-இல் வைபுல் பேசில்லஸ் மெகாடீரியத்தில் இப்படித்தான் புரோட்டோபிளாஸ்டுகளைக் காட்டினார். அந்தக் குழாயில் தண்ணீர் விட்டு நீர்த்தால் மறுகணமே கரைந்துபோகும். நொதி அதே நொதி, அளவும் அதே அளவு, சுற்றியிருக்கும் கரைசல் மட்டும்தான் மாறியிருக்கிறது. லைசோசைம் பற்றிய பாதிக் குழப்பம் இந்த ஒன்றைக் கவனிக்காததால் வருவது.

ஆகவே ‘தெளியவில்லை, எனவே உயிரோடிருக்கிறது’ என்பதும் தவறு, ‘உருண்டை நிற்கிறது, எனவே நொதி வேலை செய்யவில்லை’ என்பதும் தவறு. கலங்கலை அளந்தால் கரைந்ததா என்று தெரியும். செத்ததா என்பதற்குத் தட்டில் பரப்பிக் காலனி எண்ணத்தான் வேண்டும்.

பிப்ரவரி 6, காலை 8.00

வெட்டு நடக்கும் விதம் பற்றிக் கேட்டிருந்தார்கள். கோழி லைசோசைமில் 129 அமினோ அமிலங்கள், நான்கு டைசல்ஃபைடு பாலங்கள். அதன் பிளவில் ஆறு சர்க்கரைகள் அடுத்தடுத்து உட்காரும், ஏ முதல் எஃப் வரை. வெட்டு விழுவது டி-க்கும் இ-க்கும் நடுவில். 35-ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலம் பிணைப்பின் ஆக்சிஜனுக்கு ஒரு புரோட்டான் கொடுக்கும். டி சர்க்கரையில் நேர்மின் அயனி உண்டாகும். 52-ஆம் இடத்து அஸ்பார்ட்டேட் தன் எதிர்மின்னால் அதைத் தாங்கும். பிறகு நீர் வந்து முடிக்கும்.

பிப்ரவரி 6, பகல் 12.25

மேலே எழுதியதில் திருத்தம். அது 1965-இல் டேவிட் பிலிப்ஸ் குழு லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இந்த நொதியின் வடிவத்தை எக்ஸ் கதிரால் கண்ட பிறகு அவர் முன்வைத்த விளக்கம். முப்பரிமாண வடிவம் தெரியவந்த முதல் நொதி இதுதான், அதனால் அந்த விளக்கமே புத்தகங்களில் நிலைத்துவிட்டது. 2001-இல் வோகட்லோ, டேவிஸ், லேன், விதர்ஸ் ஆகியோர் அஸ்பார்ட்டேட் 52 சும்மா தாங்கி நிற்கவில்லை, சர்க்கரையோடு சகப் பிணைப்பிலேயே சேர்கிறது என்று காட்டினார்கள். முதல் படியில் அஸ்பார்ட்டேட் சர்க்கரையைப் பிடிக்கும், இரண்டாம் படியில் நீர் அதை விடுவிக்கும். இரண்டு முறை தலைகீழாவதால் சர்க்கரையின் பீட்டா அமைப்பு மாறாமல் மிஞ்சுகிறது. பழைய படத்தை வைத்துப் பாடம் எடுப்பவர்கள் இந்த ஒரு வரியையாவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 8, மாலை 5.10

நொதியின் செயல் அளவைப் பற்றி. ‘மி.கி.யில் சரியாகப் போட்டேன்’ என்பது போதாது. யூனிட்டில் அளக்க வேண்டும்.

உலர்த்திய மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் செல்களை 66 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட், பிஎச் 6.24-இல், மி.லி.க்கு 0.15 மி.கி. அளவில் கலக்குங்கள். ஒளிமானி 450 நானோமீட்டரில் கலங்கலை 0.6 முதல் 0.7 வரை காட்ட வேண்டும். கியூவெட்டில் (ஒளிமானியில் வைக்கும் சிறு குப்பி) 2.5 மி.லி. கலங்கல், 25 டிகிரி. நொதிக் கரைசல் 0.1 மி.லி., மி.லி.க்கு 200 முதல் 400 யூனிட் இருக்கும்படி. மூடிக் கவிழ்த்துக் கலக்கி, ஐந்து நிமிடம் அளவீடு. நிமிடத்துக்கு 0.001 குறைந்தால் ஒரு யூனிட். நொதியில்லாத பஃபரை விட்டு இன்னொரு கியூவெட், தானாகக் குறைவதைக் கழிக்க.

கெடுவது எங்கே என்றால்: நல்ல கோழி லைசோசைமில் மி.கி.க்கு 40,000 யூனிட்டுக்கு மேல் இருக்கும். அப்படியானால் கியூவெட்டில் விடும் கரைசல் மி.லி.க்குச் சில மைக்ரோகிராம்தான். அந்த நீர்ப்பில் புரதம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். காலையில் அளந்ததும் மாலையில் அளந்ததும் பாதிக்குப் பாதி வேறுபட்டால் முதலில் குழாயைச் சந்தேகப்படுங்கள். பிளாஸ்டிக் குழாய், பனிக்கட்டியில், அளக்கும் முன்புதான் கடைசி நீர்ப்பு. அடுத்தது, செல்கள் அடியில் படியும். கலக்காத கியூவெட்டில் படிவதும் கரைவது போலவே எண்ணைக் குறைக்கும். மூன்றாவது, நிமிடத்துக்கு 0.015-க்குக் கீழோ 0.040-க்கு மேலோ வந்தால் அந்த அளவீட்டை நம்பாமல் நீர்ப்பை மாற்றுங்கள். இங்கே அளப்பது உட்கவர்தல் அன்று, ஒளிச்சிதறல். ஆகவே வேறு கருவியில் எண் மாறும், கருவியை மாற்றினால் ஒப்பீடும் போய்விடும்.

மனித லைசோசைம் இதே மைக்ரோகாக்கஸில் கோழியினதைவிட வேகமானது. இரண்டையும் ஒப்பிடும்போது மி.கி.யைச் சமமாக வைப்பதா, யூனிட்டைச் சமமாக வைப்பதா என்று முதலிலேயே முடிவுசெய்து எழுதிவையுங்கள்.

பிப்ரவரி 8, இரவு 10.30

ஒன்று விட்டுப்போயிற்று. இத்தனைக்கும் மைக்ரோகாக்கஸையே பயன்படுத்துவதன் காரணம் அது மிக எளிதாகக் கரைவதுதான். 1921-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் சளியில் இந்த நொதியைக் கண்டு, அடுத்த ஆண்டு வெளியிட்டபோதும் அவர் கையில் இருந்தது இதே பாக்டீரியா. அதனால் மைக்ரோகாக்கஸில் கிடைத்த எண்ணை வைத்து, வேறு கிருமியில் இவ்வளவு பலிக்கும் என்று கணக்குப் போட முடியாது.

பிப்ரவரி 11, காலை 7.45

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிராம் நேர்தானே, அது ஏன் கரையவில்லை என்று வந்த கேள்விக்கு.

சுவர் திறந்திருக்கிறது, ஆனால் சர்க்கரை மாறியிருக்கிறது. ஓட்ஏ என்னும் நொதி மியூராமிக் அமிலத்தின் ஆறாம் கார்பனில் ஓர் அசிட்டைல் தொகுதியை ஒட்டிவைக்கிறது. அது இடித்துக்கொண்டு நிற்பதால் சர்க்கரை பிளவில் சரியாக உட்காராது. நிமோகாக்கஸ் வேறு வழியில் போகிறது: குளுக்கோசமைனிலிருந்து அசிட்டைலைக் கழற்றிவிடுகிறது. ஒன்று ஒட்டியும் மற்றது கழற்றியும் ஒரே நொதியை ஏமாற்றுகின்றன.

அந்த ஓட்ஏ மரபணுவை நீக்கினால் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் லைசோசைமுக்கு இணங்கிவிடுகிறது. டிஎன்ஏ எடுக்கத்தான் வேண்டும் என்றால் லைசோஸ்டாஃபின். அது ஐந்து கிளைசீன் கொண்ட குறுக்குப் பாலத்தை வெட்டும். ஆனால் அது விலங்கின் நொதி அன்று, இன்னொரு ஸ்டாஃபிலோகாக்கஸ் தயாரிப்பது.

பிப்ரவரி 11, பகல் 2.15

அப்படியானால் கண்ணீர் ஸ்டாஃபிலோகாக்கஸை எப்படிக் கொல்கிறது? கண்ணீரில் லைசோசைம் மி.லி.க்கு 1 முதல் 3 மி.கி. வரை இருந்தும் அந்தக் கொலை பெரும்பாலும் அதன் கணக்கில் வராது. கொல்வது பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்னும் வேறொரு நொதி, இரண்டாம் குழு ஏ வகை. இதுவும் சுமார் 14 கிலோடால்டன், இதுவும் நேர்மின்னேற்றம் மிகுந்தது. இது அறுப்பது சுவரை அல்ல, சவ்வின் கொழுப்பை: கிளிசராலின் நடு இடத்திலிருக்கும் கொழுப்பு அமிலத்தை வெட்டிவிடும். பாக்டீரியாவின் சவ்வில் எதிர்மின் பாஸ்ஃபாடிடில் கிளிசரால் அதிகம், இதற்கு அதுவே பிடித்தது. விலங்குச் செல்லின் வெளிப்புறத்தில் மின்னேற்றம் நடுநிலையான பாஸ்ஃபாடிடில் கோலின்தான் மிகுதி. அதனால் நம் செல் தப்பிக்கிறது.

கண்ணீர் மாதிரியை வைத்துப் பரிசோதிப்பவர்கள் கவனிக்க: இந்த நொதிக்குக் கால்சியம் கட்டாயம். லைசோசைமுக்கு உதவட்டும் என்று ஈடிடிஏ விட்டால் பாஸ்போலிப்பேஸ் அந்த நொடியே படுத்துவிடும். பிறகு ‘கண்ணீருக்குச் சக்தியில்லை’ என்று முடிவு எழுதுவது பெரும் பிழை.

ஸ்டாஃபிலோகாக்கஸ் இதற்கும் மாற்று வைத்திருக்கிறது. தன் சுவரிலுள்ள டெய்க்காயிக் அமிலத்தில் டி-அலனீன் என்னும் அமினோ அமிலத்தைச் சேர்த்து, தன் எதிர்மின்னேற்றத்தைக் குறைத்து, நொதி ஒட்டுவதைத் தளர்த்துகிறது.

பிப்ரவரி 14, இரவு 8.20

எதையும் வெட்டாமல் கொல்லும் நொதிகளும் உண்டு. பெராக்சிடேஸ்கள் பாக்டீரியாவைத் தொடுவதே இல்லை, விஷத்தை அங்கேயே தயாரித்து விடுகின்றன. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுவில் மைலோபெராக்சிடேஸ்: ஹைட்ரஜன் பெராக்சைடும் குளோரைடும் சேர்ந்து ஹைப்போகுளோரஸ் அமிலம். செல்லின் உலர் எடையில் 5 சதவீதம் வரை இந்த ஒரு புரதமே. சீழின் பச்சைச் சாயல் அதிலுள்ள ஹீம் என்னும் இரும்புள்ள நிறப்பகுதியிலிருந்து வருகிறது.

பாலிலும் உமிழ்நீரிலும் லாக்டோபெராக்சிடேஸ். இது தயோசயனேட்டை ஹைப்போதயோசயனைட்டாக மாற்றும். அது பாக்டீரியாவின் புரதங்களிலுள்ள கந்தக-ஹைட்ரஜன் தொகுதிகளை ஆக்சிகரித்து, குளுக்கோஸ் சிதைவை நிறுத்தும். பசும்பாலில் நொதி லிட்டருக்குச் சுமார் 30 மி.கி. தாராளமாக இருக்கிறது. போதாதது தயோசயனேட்டும் பெராக்சைடும். குளிரூட்ட வழியில்லாத இடங்களுக்காகச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1991-இல் தந்த வழிகாட்டுதல் அந்தக் குறையை நிரப்புவதுதான்: கறந்த 2 முதல் 3 மணி நேரத்துக்குள், லிட்டருக்கு 14 மி.கி. சோடியம் தயோசயனேட், நன்றாகக் கலக்கி, அதன் பிறகு 30 மி.கி. சோடியம் பெர்கார்பனேட், மீண்டும் 2 முதல் 3 நிமிடம் கலக்கல். 30 டிகிரியில் 7 முதல் 8 மணி நேரம் பால் தாங்கும், 20 டிகிரியில் 16 முதல் 17. வரிசையை மாற்றக் கூடாது. ஏற்கெனவே கிருமி பெருகிய பாலை இது மீட்காது. பிந்திச் சேர்த்தால் பலனில்லாமல் போவதற்கு அதுவே காரணம்.

நொதி 72 டிகிரி, 15 நொடியைத் தாங்கும். 80 டிகிரியில் சில நொடிகளில் போய்விடும்.

பிப்ரவரி 15, காலை 6.50

மேலே ‘கொல்லும்’ என்று பொதுவாகச் சொன்னது சரியில்லை. ஹைப்போதயோசயனைட் ஈ. கோலை, சூடோமோனாஸ் போன்றவற்றைக் கொல்லும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவற்றை நிறுத்திவைக்க மட்டுமே செய்யும், சிஸ்டீன் கிடைத்தால் அவை மறுபடி எழுந்துவிடும். லைசோசைமுக்கு நேர் எதிர்ப்பக்கம் பாருங்கள்: அது தடுமாறும் வெளிச்சவ்வு உள்ளவற்றை இது கொல்கிறது. பாலில் இரண்டும் இருப்பது எவ்வளவு பொருத்தம் என்று எழுதப் போனேன், அதுவும் பாதிதான் உண்மை: தாய்ப்பாலில் லைசோசைம் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மி.கி. இருக்கிறது, பசும்பாலில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பிப்ரவரி 15, பகல் 3.40

பசுவிடம் லைசோசைம் இல்லை என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். அது வயிற்றில் இருக்கிறது. முன்வயிற்றில் புல்லை நொதிக்கவைத்த பாக்டீரியாக்கள் கடைசி அறைக்கு வரும்போது அவற்றையே உடைத்துச் செரிக்க வேண்டும். அந்த லைசோசைம் பிஎச் 5-ஐ ஒட்டி நன்றாக வேலை செய்யும், பெப்சினுக்கும் எளிதில் சிதையாது. இலை தின்னும் லங்கூர் குரங்கின் வயிற்று லைசோசைமிலும் பல இடங்களில் இதே அமினோ அமில மாற்றங்கள் தனியாகவே வந்திருக்கின்றன. தென் அமெரிக்க ஹோட்சின் பறவையிலும் அப்படியே. காவலுக்கு இருந்த நொதி சமையலுக்கு வந்துவிட்டது.

பிப்ரவரி 19, இரவு 11.05

உண்ணியின் நொதி லைம் நோய்க் கிருமியை மட்டுப்படுத்துமே என்று கேட்டவருக்கு. இக்சோடிஸ் ஸ்காபுலாரிஸ் உண்ணியிடம் டிஏஇ2 என்னும் நொதி இருக்கிறது. அதன் மரபணு பாக்டீரியாவிலிருந்து வந்தது. ஒரு பாக்டீரியா இன்னொன்றைக் கொல்ல வைத்திருந்த ஆயுதம், உண்ணியின் முன்னோருக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. 2015-இல் இதை வெளியிட்டபோது லைம் நோய்க் கிருமியான பொரேலியாவை இது மட்டுப்படுத்துகிறது என்றார்கள். நீங்கள் சொல்வது அதை வைத்துத்தான். 2020-இல் வந்த ஆய்வு, இந்த நொதி கொல்வது முக்கியமாக மனிதத் தோலின் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்றவற்றை, பொரேலியாவை அல்ல என்று காட்டிற்று. உண்ணிக்கு ஆபத்து, அது கடிக்கும் தோலிலிருந்து வருகிறது.

பிப்ரவரி 20, காலை 9.30

‘கிருமிக்கொல்லி நொதி’ என்ற பெயரையே கொஞ்சம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. நொதி கொன்றது என்றால் நொதிச் செயலால்தான் கொன்றதா? அஸ்பார்ட்டேட் 52-ஐ செரீனாக மாற்றி வெட்டும் சக்தியைப் பறித்த லைசோசைமும் சில பாக்டீரியாக்களைக் கொல்கிறது. நேர்மின்னேற்றம் சவ்வைக் குலைப்பதுதான் காரணம். தோலின் ஆர்என்ஏஸ் 7-இலும் கிருமியைக் கொல்வதற்கு ஆர்என்ஏ வெட்டு தேவைப்படுவதில்லை. நியூட்ரோஃபிலின் அசூரோசிடின் நொதிக் குடும்பத்தில் பிறந்து, வெட்டும் இடத்தையே இழந்துவிட்ட புரதம், இருந்தும் கொல்கிறது.

ஆகவே எந்தப் பரிசோதனையிலும் செயலிழந்த மாற்றுருவை ஒரு குழாயில் வையுங்கள். கொதிக்கவைத்த நொதி அதற்கு மாற்றாகாது. லைசோசைம் அமிலத்தில் சூட்டைத் தாங்கித் திரும்ப மடியும், குலைந்தாலும் அதன் நேர்மின்னேற்றம் போகாது.

பிப்ரவரி 22, மாலை 4.00 (கேள்வி)

ஈடிடிஏ, டிரிஸ், எல்லாம் சரி. நோயாளியிடமிருந்து வந்த ஓர் ஈ. கோலை வகை மட்டும் இன்னும் மெதுவாகவே கரைகிறது.

பிப்ரவரி 22, இரவு 7.15

ஐவி புரதத்தைப் பாருங்கள். ஈ. கோலை தன் இரண்டு சவ்வுகளுக்கும் இடையில் வைத்திருக்கும் தடுப்பான் அது. ஒரு வளையத்தை நேராக லைசோசைமின் பிளவுக்குள் நீட்டி அடைத்துவிடும். வெளிச்சவ்வைத் திறந்த பிறகும் நொதி மந்தமாக இருந்தால் இது காரணமாக இருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி: லைசோசைமை 2, 4, 8 மடங்காக ஏற்றிப் பாருங்கள். தடுப்பானின் அளவைத் தாண்டியதும் வேகம் சட்டென்று எழும். வெளிச்சவ்வுதான் தடை என்றால் நொதியை ஏற்றினாலும் பெரிதாக மாறாது, ஈடிடிஏவை ஏற்றினால்தான் மாறும். கூஸ் வாத்தில் காணப்படும் ஜி வகை லைசோசைம் கிடைத்தால் அதையும் ஒரு குழாயில் விடுங்கள். கோழி வகையை அடைக்கும் ஐவி அதை அப்படி அடைக்காது, அதற்கென்று ஈ. கோலையிடம் வேறொரு தடுப்பான், பிளிஜி, இருக்கிறது. இரண்டு வகையும் ஒரே அளவு மந்தமாக இருந்தால், முதலில் கழுவிய படிவில் மக்னீசியம் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள்.